பெயர் இல்லாத பை

இரண்டு வருடங்களுக்கு முன், மழை தொடங்கிய வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மும்பை தாராவியில் எங்கள் மாடிப் பட்டறையில் நடந்தது இது.

என் கணவர் தோல்பை தைப்பவர். கீழே வீடு, இரும்பு ஏணியில் ஏறினால் பட்டறை. இரண்டு தையல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை, மேலே தகரக் கூரை. நாங்கள் தைத்த பைகள் எல்லாமே ஒரு பெரிய கடைக்குப் போயின. கடைக்காரர்கள் தங்கள் பெயர் போட்ட லேபிள்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். பைக்குள், சின்னப் பாக்கெட்டுக்கு மேலே அதைத் தைத்து அனுப்புவோம். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். தைத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

அந்தக் கடை திடீரென்று சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. தைத்து முடித்த பைகள் மூட்டையாகத் தேங்கின. மழைக்காலம் முடிவதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, ஆண்டாப் ஹில்லில் இன்னொருவரிடம் கூலிக்குப் போவது என்று கணவர் முடிவு செய்திருந்தார். எங்களோடு நெடுநாளாக இருக்கும் கட்டிங் மாஸ்டரிடமும் சொல்லிவிட்டார்.

காட்கோபரில் இருக்கும் என் அக்கா, கைப்பேசியில் நேரலை போட்டு சுடிதார் துணி விற்பவள். பார்ப்பவர்கள் கேள்வி எழுதுவார்கள். அவள் அங்கேயே பதில் சொல்வாள். நாமும் செய்து பார்க்கலாமே என்றேன்.

“சுடிதாரும் தோல்பையும் ஒண்ணா புள்ள? தொட்டுப் பாக்காம எவன் வாங்குவான்?”

“தொட முடியாதுதான் மச்சான். கேள்வி கேக்கலாம்லா?”

அரை மனதோடு உட்கார்ந்தார். கடையின் லேபிள்களைப் பிரித்துவிட்டுத்தான் விற்பது என்று பேசி வைத்திருந்தோம். அவசரத்தில் நான் எடுத்துக் கொடுத்த பையில் லேபிள் அப்படியே இருந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

முதலில் சொந்தக்காரர்களும் அக்காவின் வாடிக்கையாளர்களும்தான் பார்த்தார்கள். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அவர் இந்தியில் பேசியது பாதி கேட்கவில்லை. கட்டிங் மாஸ்டர் ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால், படத்தின் ஓரத்தில் அவருடைய கால்கள் மட்டும் வந்து வந்து போயின. ‘யாருடைய கால் அது?’ என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

பிறகு கணவர் பையைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். உடனே ஒரு வரி வந்தது: ‘தாராவி சரக்கு. டூப்ளிகேட்.’ அதைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பெரிய கடையின் பெயரைத் தைத்து ஏமாற்றுகிறோமாம்.

அவர் முகம் கறுத்தது. “அணைச்சிரு புள்ள. களவாணின்னு சொல்லுதாவ. அதையும் உக்காந்து பாக்கணுமா?”

அணைத்துவிட்டால் அந்த வார்த்தைதான் கடைசியாக நிற்கும் என்று எனக்குப் பட்டது. “கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அணைப்போம் மச்சான்” என்றேன்.

அவர் சிறு கத்தியை எடுத்து, லேபிளின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். லேபிள் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. அதைக் கைப்பேசிக்கு நேராகப் பிடித்தார். அடுத்து ஒரு துண்டுத் தோலை மெஷினில் வைத்து, பையின் கைப்பிடி மூலையில் இருந்த அதே தையலைப் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதைத் தைத்த கை இதுதான், பெயர் மட்டும்தான் அவர்களுடையது என்று சொன்னார்.

பிறகு, முதலில் டூப்ளிகேட் என்று எழுதிய அதே ஆள் எழுதினார்: ‘மன்னித்துவிடுங்கள் பாய். அப்படியென்றால் உங்கள் பெயர் என்ன?’

கணவர் என்னைப் பார்த்தார். எங்களிடம் பெயர் இல்லை. தேவைப்பட்டதே இல்லை.

ஏணியில் நின்றிருந்த கட்டிங் மாஸ்டர் அங்கிருந்தே சொன்னார்: “நம்ம புள்ளைக்கு ஊரான் இனிஷியலப் போட்டுக்கிட்டுல்லா இருந்தோம் பாய்!”

கணவர் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் விடவில்லை. ஆளாளுக்குப் பெயர் எழுத ஆரம்பித்தார்கள். மழைச் சத்தத்தை வைத்து ஒருவர், கணவரின் தாடியை வைத்து ஒருவர், படத்தில் வந்து போன அந்த ஏணியை வைத்துப் பலர். மறுநாள் நான்கு பெயர்களை வாக்கெடுப்புக்கு விட்டேன். இதெல்லாம் விளையாட்டுச் சோலி என்று சொன்ன கணவரே, சாப்பிட உட்காரும்போதெல்லாம், “இப்ப எது முந்துது?” என்று கேட்டார்.

ஏணிதான் முந்தியது. முழுப் பெயரை இங்கே எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைகள்தான் விற்றன. ஆனால் வாக்களித்தவர்கள் தாங்கள் வைத்த பெயரோடு பை வேண்டும் என்றார்கள். தேவ்நாரிலிருந்து ஒரு நர்ஸ் மழையில் நேரிலேயே வந்துவிட்டார். ஏணியின் கீழே நின்று, “இதானே அது?” என்று கேட்டுவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினார். பையைக் கையில் வாங்கியதும் விலையைக் கேட்கவில்லை. உள்ளே கையை விட்டு லேபிள் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்த்தார். அன்று காலையில் கணவர் முதன்முதலாகத் தைத்த, எங்கள் பெயர் பொறித்த தோல் லேபிள் அது.

பட்டறையை நாங்கள் மூடவில்லை. வேறு கடைகளுக்கும் தைக்கிறோம், அவர்கள் பெயரைப் போட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் நேரலை. கட்டிங் மாஸ்டரின் கால் தெரியாவிட்டால் இப்போதும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். விளம்பரம் என்றால் நம்மைப் பற்றி நாமே உரக்கச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். சந்தேகப்பட்டு ஒருவர் கேட்டபோது எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததால்தான் எங்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது என்பதை, பைக்குள் அந்தச் சின்னத் தோல்துண்டு ஏறும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.