மூடியில் காதை வைப்பவர்

தண்ணீர் பாட்டிலின் மூடியைக் காதோரம் பிடித்துக்கொண்டுதான் திருகுகிறார். 'டக்'கென்று சீல் உடையும் சத்தம் கேட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். கேட்காவிட்டால், அல்லது கேட்டும் மனசு ஒப்பாவிட்டால், பாட்டில் நேரே கைகழுவும் தொட்டியில் கவிழ்கிறது. இந்த வெளிநாட்டு ஓட்டலுக்கு வந்த நாலு நாளில் பதினோரு பாட்டில் அப்படிப் போய்விட்டது.

ஊரில் அவருக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் செக்கர் வேலை. ஓடுகிற பெல்ட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், காற்று கசிகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக, அடுத்தவர் ஒட்டியதைச் சந்தேகப்படத்தான் சம்பளம். கம்பெனியில் அவர் பெயரைச் சொன்னால் எல்லாரும் விழிப்பார்கள், 'சி.ஐ.டி.' என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார்.

அந்த சி.ஐ.டி.க்கு நாற்பத்தெட்டு வயதில் மாரத்தான் பைத்தியம் பிடித்தது. மூன்று வருஷத்துக்கு முன் இதே போல் மாரத்தான் ஓட வெளிநாடு போனார். ஒரே ஒரு பழரசம், அதில் இரண்டு ஐஸ் கட்டி. பந்தயத்தன்று மற்றவர்கள் ரோட்டில் ஓடினார்கள், இவர் கழிப்பறைக்கு ஓடினார். "ஐஸ்ல என்ன இருக்கப்போவுதுன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் விழுந்தேன்" என்று இன்றைக்கும் பொருமுவார். இப்போது ஓட வந்திருக்கும் இதைவிட்டால் இன்னொரு மாரத்தானை முழங்கால் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

அதனால் காவல் பலம். குளிக்கும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறார். பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர்தான். லிஃப்ட் பட்டனுக்கு முழங்கை, கதவுக்குத் தோள், டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. நறுக்கி வைத்த பழத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை: "நறுக்கினவன் கை கழுவினானான்னு நாம பாத்தமா?" லிஃப்டில் யாராவது தும்மினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறார். மிச்ச மாடிக்குப் படியேறுவது பயிற்சிக் கணக்கில் சேர்த்தியாம்.

இப்போது சந்தேகம் கூட வந்த மனைவிமேலேயே திரும்பியிருக்கிறது. தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறாள். தலையணை சரியில்லை, கழுத்து வலிக்கிறது என்று ஜன்னலோர நாற்காலியில் போய்த் தூங்குகிறாள். பேசும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். வெளியே எதையோ வாங்கித் தின்றுவிட்டு மறைக்கிறாள், அது நேரே தன் வயிற்றுக்குத்தான் வந்து சேரப்போகிறது என்று தீர்மானித்துவிட்டார்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் மத்தியானம், அவள் கண்ணயர்ந்த சமயம் பார்த்துக் கைப்பையைச் சோதனை போட்டார். தின்பண்டம் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டை கிடந்தது. எண்ணிப் பார்த்தார். ஏழு சீல் உடைந்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "முந்தாநாள்லேர்ந்து. கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஓடுவீங்களா? 'எனக்கும் சுடுது, பெட்டியக் கட்டு'ன்னு ஆரம்பிச்சிருவீங்க. நாளைக்கு ஓடி முடிங்க. அப்பறமா டாக்டர்கிட்ட போலாம்."

ஊரில் உள்ள பாக்கெட்டையெல்லாம் அமுக்கிப் பார்த்தவருக்கு நாலடி தூரத்து நாற்காலியில் இருந்த காய்ச்சல் கண்ணில் படவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"கிட்ட வராதீங்கன்னு சொன்னேன்ல?"

நாலு நாளாக எதையும் தொடாமல் காப்பாற்றி வைத்திருந்த உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தார். சுட்டது. கையை எடுக்கவில்லை.