ஒரே பெயரில் இரண்டு கட்சி

எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் சின்னக் கட்சிக்காரர்கள் நிற்பதற்கு ஆள் தேடி அலைந்தார்கள். அப்படி ஒரு கட்சிக்காரர்கள் தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கும் என் தங்கையிடம் வந்தார்கள். அவளும் சரி என்றுவிட்டாள்.

அந்தக் கட்சியை ஆரம்பித்தவர் இறந்த பிறகு அவர் சம்சாரம் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். பெயரை மட்டும் இருவருமே விடவில்லை. கொடியும் ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ஓர் எழுத்து வேறாக இருக்கிறதாம். அது கன்னடத்தில் இருக்கும். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பிறந்த ஊரான ராமாபுரத்தில் நாலாவது வரை படித்ததும் தமிழ்தான்.

"எழுத்தை ஏன்க்கா பார்க்கறே? தையல் மெஷின் படத்தை அமுக்கு. என் போட்டோவும் பக்கத்துல இருக்கும்" என்றாள் தங்கை. "சீப்புப் படம்னா தம்பி கட்சி. நாங்க சம்சாரம் கட்சி."

"ஒரே கட்சிதானே, ஏன் ரெண்டு பேர் நிக்கறீங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பூ விக்கறேன்?"

ஜெயிக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். எங்கள் பூத்தில் நாலு ஓட்டாவது விழவேண்டும், மார்க்கெட்டில் யாரும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை.

ஒரு மத்தியானம் அதே கொடியோடு நான்கைந்து பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். கட்சிப் பெயரைச் சொன்னார்கள். தங்கையின் ஆட்கள் என்றே நினைத்தேன். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். பையில் தேங்காய், வெற்றிலை, ரவிக்கைத் துணி போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஒருத்தி மாதேஸ்வரன் படத்தை நீட்டி, "கை வெச்சுச் சொல்லுங்கம்மா" என்றாள். இந்தப் பக்கம் தேர்தலுக்கு இப்படி ஆணை வாங்குவது உண்டு. தங்கைக்குத்தானே என்று கை வைத்து, "உங்களுக்கே போடறேன்" என்றேன்.

அவர்கள் படி இறங்கிய பிறகுதான் பையைப் பார்த்தேன். சீப்புப் படம்.

அடுத்த வீட்டு வாசலில்தான் நின்றிருந்தார்கள். ஆள் மாறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்லமாட்டாமல் உட்கார்ந்திருப்பவள் நான்.

சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"எந்த சாமி படம்?"

"மலை மாதேஸ்வரன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் குலதெய்வம் அது. பிறந்த முடியை அங்கேதான் எடுத்தோம்.

"பையோட திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம். தேங்காய் எங்கே?"

"மத்தியானமே சட்னி அரைச்சிட்டேன்."

"உனக்கு அதுக்குள்ள என்னக்கா சட்னி?"

"ஓட்டுப் போடவே போகலைன்னா?" என்று கேட்டேன்.

"போடறேன்னுதானே சொன்னே? போகாட்டியும் ஆணையை மீறினதுதான்." கொஞ்ச நேரம் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த சீப்புக்காரிக்கே போட்டுடு. நாளைக்கு உனக்குக் கை கால் இழுத்துக்கிச்சுன்னா உன் ஓட்டை வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள். நான் அழுதேன். "சும்னே இரு அக்கா" என்று கன்னடத்தில் அதட்டினாள்.

ஓட்டு நாளில் பள்ளிக்கூடத்துக்குள் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றேன். இரண்டு படமும் அடுத்தடுத்து இருந்தன. தையல் மெஷின் பக்கத்தில் தங்கையின் முகம். போட்டோவுக்காகப் பவுடர் போட்டு, பயந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சீப்பை அமுக்கினேன். ஓட்டு மெஷின் நீளமாகக் கத்தியது. எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

கொஞ்சம் தள்ளி, தெருமுனையில் தங்கை கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு."

"வெயில்ல நிக்காதே, வீட்டுக்குப் போ" என்றாள். எனக்குப் பின்னால் ஓட்டுப் போடப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்து மறுபடி கைகூப்பினாள். "தையல் மெஷின்ம்மா. மறந்துடாதீங்க. சீப்பு இல்லை."