மேனேஜருக்கும் கொடுக்கணுமா?

வாரா வாரம் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். நான் கப்பலின் சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவள். ஜமைக்காக்காரி, பெயர் அயோனி. எனக்கும் என் உதவியாளுக்கும் சேர வேண்டிய டிப்ஸைக் கம்பெனியே பயணிகள் கணக்கில் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் கொடுப்பது அவரவர் மனசு. ஆனால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து, "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிற அந்த மனிதருக்கு என்ன கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்று யாருக்கும் தெரியாது. அவர் தலை மறைந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

கொடுங்கள் என்றால் நான் அவருக்குத் தரகு பார்ப்பதாக ஆகும். வேண்டாம் என்றால் அவர் காதுக்குப் போனபின் என் பாடு திண்டாட்டம். "உங்க இஷ்டம் சார்" என்று சிரித்து வைப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்புக்குத் தாடைதான் வலித்துப் போயிற்று.

எங்கள் மேனேஜர் டெல்மார் ஈபாங்க்ஸ். ரோவாத்தான் தீவுக்காரர். ஹோண்டுராஸ் நாட்டைச் சேர்ந்த தீவு என்றாலும் அவர்கள் வீட்டில் பேசுவது எங்களைப் போல ஒரு கடலோர இங்கிலீஷ்தான். அதனாலேயே என்னோடு அவருக்கு ஒட்டுதல். பதினெட்டு வயதில் தட்டுக் கழுவ ஏறியவர், காபி ஊற்றி, பரிமாறி, மேசைகளுக்குத் தலைவராகி, தலை நரைத்தபோது மேனேஜர் ஆனார். நிற்கும்போது ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் எடையைப் போடுவார். ஹாலில் யாரும் இல்லாதபோது மட்டும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்வார்.

சமையற்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே அவர் படுகிற பாடு பயணிகளுக்குத் தெரியாது. எந்தக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்த இரண்டு குடும்பம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அடிதடி ஆகும், இதெல்லாம் அவர் தலையில். அவர்கள் பார்ப்பது இரண்டு சுற்று மட்டும். முதல் நாள் வரவேற்க ஒன்று, கடைசி இரவு விடை சொல்ல ஒன்று. அந்தக் கடைசி இரவுச் சுற்று கம்பெனி உத்தரவு, மேசை விடாமல் போக வேண்டும். அவர் வருவதைக் கண்டதும் ஜனங்கள் தட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஐஸ்கிரீமில் முள் தேடுவது போல அப்படி ஒரு கவனம்.

என் உதவியாள் கோமாங், பாலித் தீவுக்காரன், வாய் சும்மா இருக்காது. "அக்கா, வரி வசூல் கிளம்பிருச்சு. எல்லாரும் பர்ஸ ஒளிச்சு வைக்கச் சொல்லு" என்பான்.

அவன் கிண்டல் ஈபாங்க்ஸ் சாருக்கும் தெரியும். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஜன்னல் மேசை கேட்டு ஒருத்தன் கைக்குள்ள நோட்ட மடிச்சு வச்சுக் குலுக்குறான்னா, அது வியாபாரம்மா. கேட்டான், குடுத்தேன், வாங்கிக்கிட்டேன். கடைசி ராத்திரி குடுக்குறானே, அது என் மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டுக் குடுக்குறது. அது எனக்கு வேணாம்." அதனால்தான் கடைசி இரவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றுவார். அதையும் திமிர் என்று கருத்துச் சீட்டில் எழுதிப் போட்டவர்கள் உண்டு.

எனக்கும் ஒரு கட்டளை வைத்திருந்தார். "நம்ம வீட்டுக் கஷ்டத்த மேசைக்குக் கொண்டுவராத. அவங்க லீவுக்கு வந்திருக்காங்க."

எங்கள் கப்பல் மயாமியில் கிளம்பினால் செவ்வாய்க்கிழமை ரோவாத்தானில் நிற்கும். துறையில் நிற்கும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு ஹால் திறப்பதில்லை. அந்த ஒரு மதியம்தான் ஈபாங்க்ஸ் சாருக்குக் குடும்பம். அந்தத் தீவில் பாதி வீட்டு ஆண்கள் ஏதாவதொரு கப்பலில் இருக்கிறார்கள். அதனால் அங்கே ஞானஸ்நானமா, நிச்சயதார்த்தமா, யாருக்கு எந்தக் கப்பல் என்றைக்கு வருகிறது என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமையை விட்டாலும் கப்பல் நாளை விடமாட்டார்.

ஈபாங்க்ஸ் சாருடைய ஒரே மகள் வெர்லினாவின் கல்யாணமும் அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வைக்கப்பட்டது. தள்ளிப்போடவும் வழியில்லை. மாப்பிள்ளை இழுவைப்படகில் வேலை பார்க்கிறவன், புதன்கிழமை விமானம் ஏறியாக வேண்டும்.

கோயிலுக்குள் மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போகிற வேலை அப்பனுடையது. அவள் பிறந்தபோது இவர் கடலில், கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது கடலில், பள்ளிக்கூடம் முடித்தபோதும் கடலில். "இந்த ஒண்ணுக்காவது நான் இருக்கணும் அயோனி. இதுவும் போச்சுன்னா நான் அவளுக்கு அப்பன் இல்ல, பணம் அனுப்புற ஆளு" என்றார். மயாமியில் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டைக் கேபின் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். எந்த ஊரிலும் எதையும் விலை பேசாமல் வாங்காத மனுஷன், அதை விலை பேசாமல் வாங்கினாராம்.

அந்த வாரம் என் மேசையில் ப்ரூபேக்கர் தம்பதி. ஒஹாயோக்காரர்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மாள் மர்லா, என் பெயரை முதல் நாளே சரியாகச் சொன்னார். கணவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஆள், கணக்கில் கொஞ்சம் கெட்டி. முதல் நாள் ஈபாங்க்ஸ் சார் வரவேற்றுவிட்டு நகர்ந்ததுமே ஆரம்பித்தார்.

"இவரு என்ன வேலை செய்றாரும்மா?"

"மேனேஜர் சார். எல்லாத்தையும் பாத்துக்கிறாரு."

"எங்களப் பாத்துக்கிறது நீங்கதானே. அப்போ இவருக்கு எதுக்குக் குடுக்கணும்?"

"இப்பவே ஏன் அதப் பேசுறீங்க, சூப்பு ஆறுது" என்று அந்த அம்மாள் அடக்கினார். நான் என் சிரிப்பைச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோதே ஈபாங்க்ஸ் சாரின் முகம் சரியில்லை. மேல் தளத்துக்குப் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "தெக்கத்திக் காத்து" என்றார். அந்தத் தீவின் துறை தெற்கே பார்த்தது. தெற்குக் காற்று அடித்தால் பெரிய கப்பல் ஒட்ட முடியாது. இதைச் சொல்ல அவருக்குக் கேப்டன் தேவையில்லை.

ஆனாலும் கோட்டைப் போட்டுக்கொண்டார். ஷூவுக்கு மெருகு ஏற்றியிருந்தார். கப்பல் துறை அருகே போனது, விலகியது, மறுபடி போனது. கரையில் கார்கள் நிற்பதுகூடத் தெரிந்தது. நீந்தத் தெரிந்தவன் நீந்திப் போய்விடலாம் போன்ற தூரம். காற்று தணியுமா என்று கேப்டன் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார். கப்பல் இங்கே நிற்காது.

பயணிகள் உச்சுக் கொட்டினார்கள். நான் ஈபாங்க்ஸ் சாரைத் தேடிப் போனேன்.

கப்பல் நிற்காவிட்டால் இன்னொன்று நடக்கும். அத்தனை பேரும் கப்பலிலேயே இருப்பார்கள், அத்தனை பேருக்கும் பசிக்கும். உடனே ஹாலைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஈபாங்க்ஸ் சார் பாத்திர அறையில் சுவரைப் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். கரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் ஊர் சிக்னல் கிடைத்தது.

"நீ போம்மா. பாதிரியாரக் காக்க வைக்காத. மாமா கையப் பிடிச்சுக்கோ... நான் அழல. நீ அழுதா மையெல்லாம் கலைஞ்சிரும்... ஆமா, ஜன்னலு இருக்கு... சரி. பாக்குறேன். சத்தியமாப் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கோயில் கடலோரம்தான். கல்யாணம் முடிந்ததும் வெள்ளை கவுனோடு கடல் சுவரின் மேல் ஏறி நிற்பதாகவும், கப்பல் திரும்பிப் போகும்போது கை காட்டுவதாகவும் மகள் சொல்லியிருக்கிறாள். "இடது பக்கத்துக் கடைசி ஜன்னல் மேசைய மட்டும் விட்டு வை. ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போயிருவேன்" என்றார். கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டார். நான் அந்த மேசைக்குத் துணி விரிக்கவில்லை. கோமாங்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் போய் அந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வைத்தான்.

கதவைத் திறந்ததும் கூட்டம் மொய்த்தது. ஊர் பார்க்க முடியாத கோபம் எல்லாம் பசியாக மாறியிருந்தது. மரத்துக்கு மரம் கயிற்றில் தொங்கிப் போகிற சவாரிக்குக் கட்டிய பணம் திரும்பி வருமா என்று ஒருவர் ஈபாங்க்ஸ் சாரிடம் சத்தம் போட்டார். "மன்னிக்கணும் சார்" என்றார் இவர். உங்க ஊர்க் காத்துக்கு நாங்களா பொறுப்பு என்று ஒரு அம்மாள் கேட்டார். அதற்கும் மன்னிக்கணும் என்றார்.

அந்த ஒன்றைத் தவிர எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. கப்பல் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. அவர் கதவை விட்டு இரண்டு எட்டு எடுத்து வைத்தார். அந்நேரம் ப்ரூபேக்கர் முன்னால் வந்து நின்று கை நீட்டினார்.

"அந்த ஜன்னலோரம் ஒரு மேசை சும்மா கெடக்கு. நாங்க உக்காரலாமா? இறங்கத்தான் முடியல, ஊரையாவது பாக்குறோம். இவ ரொம்ப ஆசப்பட்டா."

குலுக்கிய கைக்குள் மடித்த நோட்டு. ஈபாங்க்ஸ் சார் கையைப் பார்த்தார். வரிசை கதவுக்கு வெளியே வரை நின்றது. இல்லை என்று சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது, ஆனால் அது மேசைக்குக் கொண்டுவரக் கூடாத காரணம்.

"தாராளமா சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அயோனி, அந்த மேசைக்குத் துணி விரிம்மா."

நான் விரித்தேன். சுருக்கம் நீவுகிற சாக்கில் என் கை அந்த மேசையை அறைந்தது. மர்லா அம்மாள் பயந்துபோய், "எங்களால உங்களுக்குத் தொந்தரவா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஈபாங்க்ஸ் சார் கதவுக்குத் திரும்பிப் போய் நின்றார். முதுகு ஜன்னலுக்கு, முகம் வரிசைக்கு. "வாங்க மேடம், எத்தன பேரு?" என்ற குரல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் சூப் வைக்கும்போது மர்லா அம்மாள் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்திருந்தார். "இங்க பாருங்களேன், கரையில கும்பலா நிக்கிறாங்க. ஒரு பொண்ணு வெள்ள உடுப்புல சுவர் மேல ஏறி நின்னு கை காட்டுது. யாருக்கோ தெரியலயே."

"நமக்குத்தான் இருக்கும்" என்றார் ப்ரூபேக்கர், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு.

அந்த அம்மாள் கையை உயர்த்தி ஆட்டினார். சிறுபிள்ளை போல, முழுக் கையையும். வெள்ளைப் புள்ளி சின்னதாகி, பச்சைக் கரையோடு ஒட்டிப்போகும் வரை ஆட்டினார். நான் சூப்புப் பானையோடு அங்கேயே நின்றேன். அந்த அம்மாள் மேல் கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து ஹால் காலியானபின் ஈபாங்க்ஸ் சார் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"வெள்ளையா?"

"வெள்ளையாத்தான் சார். கை காட்டிக்கிட்டே இருந்திச்சு."

தலையாட்டினார். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு மேசை அடுக்கச் சொன்னார்.

கடைசி இரவு வந்தது. ப்ரூபேக்கர் எனக்கும் கோமாங்குக்கும் தனித்தனி உறை கொடுத்தார், தாராளமாகவே. மூன்றாவது உறை ஒன்று மேசையில் கிடந்தது. அதைத் தட்டிக்கொண்டு, "இவ குடுக்கச் சொல்றா. எனக்குப் புரியல. மொத்தமே ரெண்டு தடவதான் பாத்தோம் அந்த ஆள. ஜன்னலுக்கு வேற அன்னிக்கே குடுத்தாச்சு. நீங்களே சொல்லுங்கம்மா, மேனேஜருக்கும் குடுக்கணுமா?" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததை எல்லாம் அந்த மேசை மேல் கொட்டிவிட நாக்கு துடித்தது. அதற்குள் ஈபாங்க்ஸ் சார் வந்துவிட்டார், கையைப் பின்னால் கட்டியபடி. ப்ரூபேக்கர் தட்டைப் பார்க்கக் குனிந்தார்.

"எல்லாம் திருப்தியா இருந்துச்சா சார்? மேடம்?"

"ரொம்ப நல்லா இருந்தது" என்றார் மர்லா அம்மாள். "அந்தத் தீவுல இறங்க முடியலையேன்னுதான் ஒரு குறை. ஆனா என்ன நல்ல ஜனங்க தெரியுமா. வெள்ள உடுப்புப் போட்ட பொண்ணு ஒண்ணு, நாங்க கண்ணுக்கு மறையுற வரைக்கும் கை காட்டிச்சு."

ஈபாங்க்ஸ் சார் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றவே இல்லை.

"நீங்க திருப்பிக் கை காட்டுனீங்களா மேடம்?"

"பின்னே? கை வலிக்கிற வரைக்கும் காட்டினேன். பாவம், அது ஏமாந்துறக் கூடாதில்ல."

பின்னால் கட்டியிருந்த கைகளை அவர் எடுத்தார். அந்த அம்மாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எந்த மேசையிலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"நன்றி, மேடம்" என்றார். உறையோடு எழுந்துகொண்டிருந்த ப்ரூபேக்கரைக் கவனிக்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

உறை ப்ரூபேக்கர் கையிலேயே நின்றது. "வாங்காமலே போறாரு" என்றார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ கை காட்டுனதுக்கு அவரு எதுக்கும்மா நன்றி சொல்றாரு?"

கட்டளை கட்டளைதான். "எங்க வேலையில எல்லாத்துக்கும் நன்றி சொல்லிப் பழகிருச்சு சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்தேன்.