என் வீட்டுக்காரர் ஆப் தேடிய கதை

என் வீட்டுக்காரருக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. ஒரு குடைக்காகச் சேலம் கடைவீதி முழுக்க ஏறி இறங்கி, மழைக்காலம் முடிந்த பிறகு வாங்கி வந்த மனிதர். பெண் பார்க்க வந்தபோது மட்டும் என்னை முதல் தடவையே சரி என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் என்னிடம் தப்பித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது அவர் குரல் அடுத்த சரிவுக்குக் கேட்கும். ஓய்வு பெற்றதும் அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. ஏற்காட்டில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் 'ம்'. திட்டினாலும் 'ம்'. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். பதில் பேசாத ஆளைத் திட்டுவதில் என்ன ருசி இருக்கிறது? வெளியே கத்தினாலும் உள்ளுக்குள் பயந்துபோனேன். இந்த மனிதர் இப்படியே பேசாமல் கிடந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவாரோ என்று பயம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒருநாள் போனில், "அப்பா, கொஞ்சம் பணத்தைப் பங்குல போடுங்க. அதுக்கு எந்த ஆப் நல்லதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். தெரிந்து சொன்னாளோ, தெரியாமல் சொன்னாளோ, புண்ணியவதி!

மறுநாளே மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மருந்துக் கடை, ஜீப் ஸ்டாண்டு, லாட்ஜ் மேனேஜர் என்று ஒருத்தரையும் விடவில்லை. "ஏனுங்க, நீங்க எந்த ஆப்புங்க வெச்சிருக்கறீங்க?" வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார். இதில் கணக்குத் தொடங்கக் காசில்லை, ஆனால் வருஷா வருஷம் கட்டணம் பிடிப்பான். அதில் வாங்கும்போது பிடிக்க மாட்டான், விற்கும்போது பிடிப்பான். இன்னொன்று, கையில் இருப்பதைவிட அதிகமாக வாங்கு, மீதியை நான் கடன் தருகிறேன் என்றது. அதை அன்றே தள்ளிவிட்டார்.

"கடன் வாங்கிப் பங்கு வாங்கச் சொல்றவன் ஊட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது புள்ள."

"ஒரு ஆப்புக்கு இத்தனை ஆராய்ச்சியா? உங்களுக்குப் பொண்ணு குடுத்த எங்கப்பனைச் சொல்லோணும்!" என்று நான் எரிந்து விழுவேன். குழம்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை, இன்னும் பேசட்டும் என்றிருக்கும்.

கடைசியில் இரண்டு ஆப் மிஞ்சின. இரண்டிலும் கணக்குத் தொடங்கினார். முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்றது போன். ஜன்னலோரம் நின்றால் வெளிச்சம் போதவில்லை என்றது. ரோட்டுக்கு வந்தால் பனியில் முகமே தெரியவில்லை என்றது. ஸ்வெட்டரும் மப்ளருமாக நடு ரோட்டில் நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தவரை, வாழவந்தி பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டில் எது என்று மறுபடியும் இழுக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுக்கொடி உண்டு. புது வியாபாரி வந்தால் முழு மிளகையும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம். ஒரு சின்னப் பையைக் கொடுத்துவிட்டு, "ஊட்டுல ஒத்துக்கலீங்க, திருப்பிக் குடுத்துருங்க" என்று கேட்போம். வாங்கும்போது எல்லார் வாயிலும் தேன்தான். திருப்பிக் கொடுக்கும்போது முகம் சுளிக்காதவன்தான் நம்ம ஆள்.

"ரெண்டுலயும் கொஞ்சம் போட்டுட்டுத் திருப்பிக் கேளுங்க. சாயம் வெளுத்துரும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டார். நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. உடனே திருப்பிக் கேட்டார். சனிக்கிழமை விடிந்தும் இரண்டிலிருந்தும் வரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கினேன். முதல் ஆப்பின் நம்பரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மிஷின்தான் பேசியது. மிஷினை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? இரண்டாவதில் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், இன்னைக்கு மார்க்கெட் லீவுங்க. திங்கட்கிழமை வந்துரும்."

"ஏங்கண்ணு, வாங்கறப்ப நேரங்காலம் தெரியலை, குடுக்கறப்ப மட்டும் லீவா? எங்களை என்ன இளிச்சவாயின்னு நெனச்சீங்களா?"

அதோடு விட்டேனா? அவர் உழைத்த உழைப்பு, குளிரில் நின்றது, எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்தேன். அந்தப் பெண் நடுநடுவே, "புரியுதுங்க மேடம், சொல்லுங்க" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை இரண்டிலிருந்தும் பணம் வந்துவிட்டது. என் மிளகுச் சோதனை புஸ்ஸென்று போனது. ஆனால் அன்றே அவர் முடிவு செய்துவிட்டார், இரண்டாவதுதான் என்று. குடை வாங்கிய மனிதரா இவர் என்று எனக்கு ஆச்சரியம். மகள் போனில், "அதுல கட்டணம் அதிகமாச்சேப்பா?" என்று கேட்டாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"இருக்கட்டுங் கண்ணு. உங்கம்மா அந்தத் திட்டுத் திட்டுனா, அந்தப் புள்ள போனை வெக்கவே இல்லை. நாமினின்னு உங்கம்மா பேரைத்தான் போட்டிருக்கறேன். நாளைக்கு நா இல்லாமப் போயிட்டா இவ யாருகிட்டக் கேப்பா? மிஷின்கிட்டயா? அந்தப் பக்கம் பொறுமையா ஒரு மனுசக் குரல் இருக்கோணுமல்ல."

கை மாவிலேயே நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தனை நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாரா, பாவி மனுஷன்!

"நாசமாப் போக! வாயில நல்ல வார்த்தையே வராதா? அத்தனை நாள் வாயைத் தெறக்காம உக்காந்திருந்து, தெறந்ததும் இதையா பேசுவீங்க?" என்று ஆரம்பித்தேன். அழுகையும் சேர்ந்து வந்ததில் என்னென்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ரொம்ப நேரம் திட்டினேன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி கடைசிவரை கேட்டார்.

"புரியுதுங்க மேடம், சொல்லுங்க" என்றார்.