மைனஸ் எழுபத்தோரு வயது மாப்பிள்ளை

இன்று காலை ஏற்காட்டில் தங்கச்சி வீட்டில் பெண் பார்க்கும் வைபவம்.

பெண், தங்கச்சி மகள் ஜெனி. பையன் சேலத்துக்காரன், பெங்களூரில் புரோகிராமர்.

நான்? சேர்வராயன் மலையிலேயே முதன்முதலாகக் கீபோர்டைத் தொட்ட மாமனிதன் என்ற முறையில் தலைமை விருந்தினர். (இதை நான் மட்டும்தான் சொல்லிக்கொள்கிறேன். சாட்சிகள் எல்லாம் மலையிறங்கிப் போய்விட்டார்கள்.)

ஜெபம் முடிந்தது. காபி வந்தது. பையனும் நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

அப்போதுதான் தங்கச்சி வீட்டுக்காரர் டேவிட் செல்போனை நீட்டினார். இனிமேல் கோடிங் எழுத ஆளே வேண்டாம், ஏஐ போதும் என்று ஏதோ ஒரு செய்தி.

"ஏனுங்க தம்பி, இந்த மாதிரி போட்டிருக்காங்களே. உங்க வேலை நிக்குமுங்களா?"

நான் டேவிட்டை நிமிர்ந்து பார்த்தேன்.

இதே மலை. இதே காபி வாசம். இதே கேள்வி. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

தொண்ணூற்றொன்பது. சேலத்தில் ஒரு சின்ன ஆபீசில் புரோகிராமராக இருந்தேன். ஒய்டூகே என்று உலகமே நடுங்கிய நேரம்.

விவரம் தெரியாத பிள்ளைகளுக்கு: அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இடப் பஞ்சம். வருஷத்தில் கடைசி இரண்டு எண்ணை மட்டும்தான் எழுதி வைப்போம். தொண்ணூற்றொன்பது முடிந்து பூஜ்யம் பூஜ்யம் வந்தால் அது இரண்டாயிரமா, ஆயிரத்துத் தொள்ளாயிரமா என்று அந்த ஜடத்துக்குத் தெரியாது.

பேப்பர்காரர்கள் விடுவார்களா? பிளேன் விழும், லிப்ட் நிற்கும், கரண்ட் போகும் என்று தினம் ஒரு பிரளயம். (ஏற்காட்டில் கரண்ட் போக எதற்கு இரண்டாயிரம்? ரெண்டு தூறல் போதும்.)

"உலகம் அழிஞ்சாலும் திங்கக்கிழமை ரிப்போர்ட் கேப்பாங்கடா," என்பான் பக்கத்து சீட்டு சேகர். சிரித்துக்கொண்டே ராப்பகலாக அந்த இரண்டு எண்ணை நான்காக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த மழைக்காலத்தில்தான் ரோஸ்லினைப் பெண் பார்க்கப் போனோம்.

ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்படி ஒரு பனிமூட்டம். கையை நீட்டினால் விரல் இன்னும் இருக்கிறதா என்று தந்தியடித்துத்தான் கேட்க வேண்டும்.

ரோஸ்லின் மிஷன் பள்ளியில் டீச்சர். அவள் அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பரில் மரண அறிவிப்பு வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படிப்பவர்.

ரோஸ்லின் தட்டோடு வந்தபோது மலை முழுக்கக் காபிப் பூ ஒரே நேரத்தில் பூத்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். (அது பூக்கிற சீசன் இல்லை. இருந்தாலும் பூத்தது.)

ரோஸ்லின் அப்பா கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஜனவரி வந்தா கம்ப்யூட்டரெல்லாம் படுத்துக்குமாமே. உங்க வேலை நிக்குமுங்களா?"

வேறு எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்திருப்பான்.

நான் புரோகிராமர். டெஸ்ட் பண்ணாமல் 'ஓடும்' என்று சொன்னால் நாக்கு வெந்துபோகும் இனம்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஓடலாம், நிக்கலாம், இல்லைன்னா ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கே திரும்பிப் போயிரலாம்."

"போனா?"

"நான் பொறந்தது எழுபத்தொண்ணுங்க. கம்ப்யூட்டர் கணக்குப்படி எனக்கு மைனஸ் எழுபத்தோரு வயசு ஆயிருமுங்க."

ஆபீசில் இதற்கு உருண்டு புரண்டு சிரிப்பார்கள். இங்கே என் அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரைட்டர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நீங்க இன்னும் பொறக்கவே இல்லைங்களே தம்பி. பொறக்காத மாப்பிள்ளைக்கு எப்படிங்க பொண்ணைக் குடுக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பேப்பரை எடுத்தபோதுதான் புரிந்தது, முடிந்துவிட்டது என்று.

வெளியே மழை. செருப்பு மாட்டும்போது ரோஸ்லின் ஒரு குடையை நீட்டினாள்.

"ஒண்ணும் ஆகாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க?"

"தெரியாம எப்படிங்க சொல்றது?"

"தெரிஞ்சுக்கறதுக்கா கேட்டாரு? எங்கப்பாருக்கு நொம்பப் பயமுங்க. அதான் கேட்டாரு."

அந்தக் குடையை ஆள் மூலமாகத்தான் திருப்பி அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்குள் அவளுக்கு ஒரு கவர்மெண்ட் மாப்பிள்ளை அமைந்துவிட்டார்.

ஜனவரி ஒன்று வந்தது. ஒரு பல்புகூடச் சிமிட்டவில்லை.

"எல்லாம் புரளி," என்றார்கள் ஜனங்கள். கண் வீங்க உட்கார்ந்து திருத்தியதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவரிடமும் நிரூபிக்க முடியவில்லை. நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

(அதன்பிறகு தனிக்கட்டைதான். சக்கரவர்த்திகளுக்கு அரண்மனை காலியாக இருந்தால்தான் எதிரொலி நன்றாகக் கேட்கும்.)

சரி, இன்றைக்கு வருவோம்.

பையன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரியலைங்க அங்கிள். இப்பவே பாதி அதுதான் எழுதுது. அது பண்ற தப்பைத் தேடறதுதான் என் வேலை. அதையும் அதுவே தேடிக்கிட்டா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து காபி குடிக்கப் போயிர வேண்டியதுதான்."

அடப்பாவி. பெறாமலே எனக்கு ஒரு பிள்ளை!

யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் தட்டைப் பிடித்தபடி ஜெனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கையில் குடை மட்டும்தான் இல்லை.

டேவிட் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீங்க இந்த லைன்ல இருந்தவரு. நீங்க சொல்லுங்க. இவரு வேலை நிக்குமுங்களா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த மாதிரிச் செய்தி வந்தால் நானே படிக்காமல் தள்ளிவிடுகிறேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக டெஸ்ட் பண்ணாமல் ஒன்றை ரிலீஸ் செய்துவிட்டேன்.

டேவிட் முகம் தெளிந்தது. ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

கிளம்பும்போது பையன் மட்டும் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான். "நெசமாவேங்களா மாமா?"

நான் அவன் தோளைத் தட்டிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

இந்த லைனில் இருக்கிற கண்ணுகளா, ஒண்ணும் ஆகாதுதானே?

யாராவது கீழே கமெண்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள் சாமி. தெரியாவிட்டாலும் பரவாயில்லை.