வெயில் படாமல் ஒரு பகல்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாத உச்சி வெயிலில், மதுரையிலிருந்து திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். காரியாபட்டி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

என் கணவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். புது முறை ஒன்று செய்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, குழாய் வழியே உள்ளே ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட இடத்தில் அந்த மருந்து கட்டியை அழிக்குமாம். மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்க, கூடவே இன்னொரு மருந்து. ஆனால் முதல் மருந்து உடம்பை விட்டுப் போக சில வாரமாகும், அதுவரை வெயில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று, சிகிச்சையை முடித்து அனுப்பும்போது எச்சரித்திருந்தார்கள்.

ஏசி நின்ற காருக்குள் அனல். டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டார். கணவரைத் தலையோடு போர்வையால் மூடி, எதிரே இருந்த தையல் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கும் பாதிவரை வெயில்.

“இவுக மேல வெயிலு படக் கூடாதுக்கா” என்றேன்.

மிஷினில் இருந்த பெண் சட்டென்று எழுந்தார். “நீங்க உள்ள இருங்க. நான் வெளிய இருந்துக்கிறேன்” என்று ஷட்டரை இறக்கிவிட்டார். வெளியே யாரோ கடை இல்லையா என்று கேட்பதும், “உள்ள ஆளு படுத்திருக்காக, பொழுதுசாய வா” என்று அவர் சொல்வதும் கேட்டது.

இருட்டில் கணவர் முனகினார். “பொறந்ததுலேருந்து காட்டு வெயில்ல கெடந்தவன், இன்னைக்கு வெயிலுக்கு ஒளியிறேன் பாரு.” கொஞ்சம் பொறுத்து, “எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

வீட்டில் எந்நேரமும் பிள்ளைகள், சொந்தக்காரர்கள். அவர்கள் முன்னால் அவர் இதைச் சொன்னதேயில்லை. நானும் எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லி வந்தேன். அன்று முடியவில்லை. “எனக்கும் பயமாத்தாங்க இருக்கு” என்றேன். இருவரும் வாய்விட்டு அழுதோம். தான் போன பிறகு நான் எப்படி இருக்க வேண்டும் என்றுகூடப் பேசினார். வெயில் தாழ்ந்த பிறகுதான் அந்தப் பெண் ஷட்டரைத் தூக்கினார்.

சில மாதங்கள் கஞ்சி இறங்கியது, தீபாவளிக்குச் சோறும் சாப்பிட்டார். பிறகு நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. பொங்கலுக்கு அவர் இல்லை.

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்கப் போனால் நான் ஆறுதல் சொல்வதில்லை; கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்து, நோயாளியையும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரையும் கொஞ்ச நேரம் தனியே இருக்க விடுகிறேன்.