வீராங்கனைக்கு ஓர் அர்ச்சனை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, குளிர்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் வெம்பிளி வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கிட்டவே யாரும் போக முடியாது. அது பெரியம்மாவின் இராச்சியம். அம்மாவின் அக்காவான அவர் தனியே லண்டன் வந்து எங்களோடு இருந்தார். ஆங்கிலச் செய்தியே விளங்காத மனுசி, ஸ்கீ தாவல் போட்டி என்றால் சோறு தண்ணியை மறந்துவிடுவார். அதுவும் ஒரே ஒருத்திக்காக. உயரமான பனிச்சரிவில் சறுக்கி வந்து அந்தரத்தில் பறக்கும் அந்த உலக சாம்பியனை "எங்கட பிள்ளை" என்பார். அவளுடைய நாட்டில் பால் பெட்டியில்கூட அவள் முகம்தான் என்று நான் வாசித்துச் சொன்னால், "பின்னை என்ன!" என்று பூரித்துப்போவார்.

ஒருமுறை அவள் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். அடுத்த குளிர்காலம் முழுக்க ஆளையே காணவில்லை. இனி வரமாட்டாள் என்று தொலைக்காட்சியில் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். "அவையளுக்கு என்ன தெரியும்?" என்று பெரியம்மா என்மேல் பாய்ந்தார். நான் என்ன பாவம் செய்தேன்?

அந்த நாட்களில்தான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவோடு அவருக்குச் சண்டை வந்தது.

"ஆறு வருசமாச்சு அக்கா. கடைசிக் கிரியையைச் செய்து முடிப்பம்."

"என்ர பிள்ளை இருக்கிறாள். விசர்க்கதை கதைக்காதை!"

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சண்டை சாம்பியனைப் பற்றித்தான் என்று எண்ணினேன். அவள் விழுந்து ஒரு வருடம்தானே, அந்த ஆறு வருடம்தான் கணக்கில் உதைத்தது. பெரியம்மாவின் ஒரே மகள், நான் கண்டேயிராத அக்கா, ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் காணாமற்போனவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் "அக்கா ஊரில" என்பதோடு கதை முடிந்துவிடும்.

பிறகு சாம்பியன் திரும்பி வருகிறாள் என்ற செய்தி வந்தது. பெரியம்மா என்னை இழுத்துக்கொண்டு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டார். அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தார். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்க, பெரியம்மா அந்த வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னார். ஐயர் இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு, "நட்சத்திரம்?" என்றார். சரி, மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"உத்தரட்டாதி" என்றார் பெரியம்மா. யோசிக்கவே இல்லை.

"வெள்ளைக்காரருக்கும் நட்சத்திரம் இருக்கோ அம்மா?"

அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு கோபமும் எங்கே போயிற்றோ! அது அக்காவின் நட்சத்திரம் என்று அம்மா எனக்குச் சொன்னது, நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான்.

அடுத்த சனிக்கிழமை போட்டியில் சாம்பியன் பதினான்காவதாக வந்தாள். அர்ச்சனை செய்தும் இப்படியா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே சனமோ எழுந்து நின்று அவள் பெயரைக் கூவியது. இங்கே பெரியம்மா கண்ணீரும் சிரிப்புமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அவ தோத்திட்டா பெரியம்மா!"

"வந்திட்டாள்தானே. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், எங்கள் பெரியம்மாவுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.